பலகையில் நின்றது

நாய் ஏறுவதற்கு முன்பே அளவுப்பலகை பதினான்கு கிலோ காட்டியது. திரையில் நான்கு பாதங்களின் தடம், நடுவே எடை குவியும் இடத்தைக் காட்டும் ஒரு புள்ளி. எவ்வளவு சாதுவான நாயானாலும் நிற்கும்போது இம்மியாவது அசையும். அந்தப் புள்ளி கோழி கிளறியதுபோல் கிறுக்கித் தள்ளும். இந்தப் புள்ளி அசையவே இல்லை.

வில்மாவுக்கு யோசிக்கத் தெம்பில்லை. ஆரோக்கியமான நாய்கள் எவ்வளவு நிலையாக நிற்கின்றன என்று ஓர் ஆய்வுக்காக ஆறு வாரமாக அளந்து அளந்து இடுப்பு ஒடிந்திருந்தது. இன்றோடு முடிகிறது. கடைசியாக வரவேண்டிய நாய் பனியில் மாட்டிக்கொண்டதால் தன் நாய் பார்லியையே கூட்டிவந்திருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே உயிர் அது. மினசோட்டாவின் ஜனவரிக் காற்று ஜன்னலைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மதியமே இருட்டிய அறையில் ஈர ரோமமும் கிருமிநாசினியும் கலந்த வாடை. குளிரில் கருவி பிசகியிருக்கும் என்று, பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அளவைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தினாள். பலகை காலியாக இருக்கும்போதுதான் அதை அழுத்தவேண்டும் என்பது முதல் நாள் பாடம்.

பார்லி ஏற மறுத்தது. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு முனகியது.

"சொந்த நாயே உன்ன மதிக்கலயே, வில்மா," என்று சிரித்தான் கயிறு பிடித்திருந்த உதவியாளன் டுவேன்.

"வாய மூடிட்டு அந்த சீஸ் துண்ட காட்டு. சீக்கிரம் முடிச்சா வீட்டுக்குப் போயிரலாம்."

ஏறியது. நடுங்கியபடி ஐந்து நொடி நின்றது. இருபத்திரண்டு கிலோ, சரிதான். காரைச் சூடேற்றி வைக்க டுவேன் கீழே போனான். பார்லி இறங்கியது.

திரையில் மைனஸ் பதினான்கு.

வில்மா காலிப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பொத்தானை அழுத்தியபோது பலகையில் எதுவோ நின்றிருக்கிறது. இப்போது அதுவும் இறங்கிவிட்டது.

எங்கே?

கதவு மூடியிருந்தது. மேசைக்கடியில் எதுவுமில்லை. ஈர வாடை நெருங்கியது. பார்லி குரைத்தது. குரைப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"பார்லி? என் தங்கம், இங்க வாடா."

வந்தது. வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் எப்போதும் செய்வதுபோல அவள் மடியில் தலையை வைத்தது. பார்லியின் எடையோடு இன்னொரு பதினான்கு கிலோவும் சேர்ந்ததுபோல் கனத்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சிட்டது. தன் காலை இழுத்தாள். முடியவில்லை. டுவேனைக் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. கை தன்னால் பார்லியின் விலாவைத் தொட்டது.

மூச்சு இல்லை.

வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.