பதினொன்று இருபதுக்கு அழுத்திய பட்டன்

மதியம் 12.50.

மகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அப்பா தரையில் கிடந்தார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான்.

"போயிட்டாருக்கா" என்றான்.

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். கடைசி இரண்டு வருஷம் மூச்சு மெஷினோடு அந்த ஒரே அறையில் காலம் தள்ளினார். கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். அழுத்தினால் வீட்டு இன்டர்நெட் வழியாக மகளின் போனுக்குச் செய்தி போகும். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் பத்து நிமிஷ ஓட்டம்தான். அன்றைக்கும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடித்தான் வந்தாள். என்ன பிரயோஜனம்? போனில் இருந்தது இது: பட்டன் அழுத்திய நேரம் 11.20. செய்தி வந்து சேர்ந்த நேரம் 12.38.

ஒரு மணி பதினெட்டு நிமிஷம் அந்தச் செய்தி எங்கே போய் உட்கார்ந்திருந்தது?

1.15. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துக் கைவிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் போன் போட்டு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் அவர்கள் குற்றவாளியையே பிடித்து வைத்திருந்தார்கள். கேபிள்காரர். காலை பதினொரு மணிக்கு மாடிப்படியில் அவர் வயரை வெட்டியதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

"இவர்தான் மேடம்" என்றாள் மகள். "மூணு மாசம் முன்னாடி கேபிளை விட்டுட்டு வயர்லெஸ்க்கு மாறினோம். அன்னைக்கே வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாரு. இன்னைக்கு எங்க கரண்ட் வயரையோ எதையோ வெட்டி எங்கப்பாவையே கொன்னுட்டாரு."

"ஐயோ, பழைய வயரைக் கழட்டத்தாம்மா வந்தேன்!" கேபிள்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஜெயிலுக்கு அனுப்பிடாதீங்க மேடம், வீட்ல எல்லாரும் என்னை நம்பித்தான் இருக்காங்க."

"ஏன் மாறினீங்க?" இன்ஸ்பெக்டர் மகளைக் கேட்டார்.

"நான் கேபிளே இருக்கட்டும்னேன். அதுபாட்டுக்குச் சுவத்தோட கிடக்கும். தம்பிதான் கேக்கல. வயர் வேணாம், துளை வேணாம், ஒரு பெட்டியைச் சொருகினாப் போதும், வீடு மாறினாலும் கையோட கொண்டு போகலாம்னான். அப்பா என்னைக்கு அவன் பேச்சைத் தட்டியிருக்காரு?"

1.40. இன்ஸ்பெக்டர் வயர்லெஸ் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"11.20-க்கு பெட்டி வேலை செஞ்சுதா?"

"ஜம்முனு செஞ்சிருக்கு மேடம். காலைல பத்துல இருந்து பத்து இருபத்தஞ்சு வரைக்கும் நின்னுருக்கு. அப்புறம் 12.10-ல இருந்து 12.38 வரைக்கும். நடுவுல ஒரு கோளாறும் இல்ல."

கரண்ட் போனதா? போகவில்லை என்று மாடி முழுக்க ஒரே குரலில் சொன்னது. வேடிக்கைதான். பெட்டி வேலை செய்திருக்கிறது, பட்டன் வேலை செய்திருக்கிறது, செய்தி மட்டும் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் தம்பியிடம் திரும்பினார்.

"காலைல எங்க இருந்தீங்க?"

"ஃப்ரெண்ட் ரூம்ல. வீடியோவுல இன்டர்வியூ. இங்க மெஷின் சத்தம்."

"திரும்பினது?"

"12.40. அப்பவே அப்பா போயிட்டாரு."

"அங்க நெட்?"

"அவன்கிட்டயே கேபிள் நெட் இருக்கு."

"எந்த ரூம் தம்பி?" மூலையிலிருந்து கேபிள்காரர் கேட்டார்.

"மருந்துக்கடை மாடி."

"அங்க இன்னும் லைனே இழுக்கலையே!"

இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் போனார். அங்கே இருந்த பெட்டியின் கரண்ட் வயரை விரலால் நீவினார். அங்கங்கே மடிப்பு.

"மூணு மாசமா ஒரே இடத்துல தொங்குற வயர் நேரா இருக்கணும். இது கையில சுருட்டிப் பையில போட்ட வயர். நாம எல்லாரும் நெட் ஏன் நின்னுச்சுன்னே தேடினோம். அது நிக்கல. வீட்டை விட்டுப் போயிருச்சு. கம்பெனி சொன்ன ரெண்டு இடைவெளியும் பெட்டி தெருவுல போன நேரம். பத்து மணிக்கு எடுத்துட்டுப் போயிருக்கீங்க, 12.38-க்கு இங்க திரும்ப உயிர் வந்திருக்கு. அதுவரைக்கும் தேங்கிக் கிடந்த செய்தி அப்பத்தான் அக்காவுக்குப் போயிருக்கு. நீங்க 12.40-க்கு வந்திருந்தா 12.38-க்குச் சொருகினது யாரு?"

தம்பி வாய்விட்டு அழுதான்.

"போன தடவை போன் நெட் பாதில கட்டாகி வேலை போச்சு மேடம். 'பெட்டியை எடுத்துட்டுப் போடா, ரெண்டு மணி நேரத்துல எனக்கு என்ன வந்துடப் போகுது'ன்னு அப்பாதான் பையில போட்டுக் குடுத்தாரு."

"நீங்க வந்தப்ப அவர் உயிரோட இருந்தாரா?"

"இருந்தாரு."

மகள் பாய்ந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'முதல்ல பெட்டியைச் சொருகு. அக்காவுக்குத் தெரிஞ்சா உங்கூடப் பேசவே மாட்டா'ன்னாரு. சொருகிட்டுத் திரும்பினேன். கண்ணு நிலைகுத்திடுச்சு."

இதை எந்தச் சட்டத்தில் எழுதுவது? இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். கேபிள்காரரைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க" என்றார். அவர் கதவு வரை போய், திரும்பி வந்து, இறந்தவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். "மன்னிச்சிருங்கண்ணே" என்று மகள் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

2.30. அறையில் அக்காவும் தம்பியும் மட்டும். வெகுநேரம் அவள் அவன் முகத்தையே பார்க்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்துத்தான் அவனும் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"வேலை கிடைச்சுதாடா?"

"கிடைச்சிருச்சுக்கா."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"வாசல்லயே கத்திக்கிட்டு வந்தேன். தரையில கிடந்தபடியே சிரிச்சாரு."