குண்டன் வேலைக்குப் போகிறான்

இன்று குண்டன் வீட்டைவிட்டுப் போகிறான். போவது பழங்கால வண்டிகளை வைத்துக் காட்டும் காட்சிக்கூடத்துக்கா, பழைய இரும்புக் கடைக்கா என்பதுதான் தெரியவில்லை.

குண்டன் ஆள் அல்ல, சின்ன லாரி. தச்சு வேலை செய்யும் அப்பா, நாற்காலி மேசைகளை அதில்தான் ஏற்றிப் போவார். ஆஸ்பத்திரியில் பிறந்த சுண்டு முதன்முதலாக வீட்டுக்கு வந்ததும் அதில்தான். யாராவது அதைக் குறை சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

என்ன செய்வது, இஞ்சின் படுத்துவிட்டது. சாயங்காலம் இரும்புக் கடைக்காரர் வந்து உடைத்து எடுத்துப் போவார். அதற்குள் காட்சிக்கூடத்தார் எடுத்துக்கொண்டால் குண்டன் பிழைப்பான்.

காட்சிக்கூடத்து அம்மா காலையிலேயே வந்தார். குண்டனைச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"வலது கதவு இந்த மாதிரி லாரி முதன்முதல்ல வந்தப்போ இருந்த வகை. இடது கதவு ரொம்ப வருஷம் கழிச்சு வந்தது. பம்பர் அதுக்கும் அப்புறம். எதுவும் எதோடயும் சேரலையே."

அப்பா தலையைச் சொறிந்தார். "எது உடைஞ்சாலும் அப்போ கடையில கிடைச்சதை மாட்டிருவேன் மேடம். வண்டி ஓடணுமே."

"ஒரே வருஷத்து வண்டின்னா எடுத்துக்கலாம். தப்பா நினைக்காதீங்க."

சுண்டுவுக்கு அழுகை வந்தது. அழுதால் பேச முடியாது. அதனால் அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க இடத்துல இந்த மாதிரி லாரி எத்தனை நிக்கும்?"

"ஒண்ணுதாம்மா. இடம் பத்தாது."

"அப்போ மத்த வருஷத்து லாரியெல்லாம்?"

"சுவத்துல படம் மாட்டுவோம்."

"படம் எதுக்கு? இங்க வாங்க." சுண்டு வலது கதவைத் தொட்டாள். "இந்தக் கண்ணாடியைப் பக்கவாட்டுல தள்ளணும். பாதிதான் திறக்கும். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டும்."

பிறகு இடது பக்கம் ஓடினாள். "இதுல கைப்பிடியைச் சுத்தினா கண்ணாடி முழுசா இறங்கிரும். இந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினா காத்து நேரா மூஞ்சிக்கு வரும். வேர்க்குதுன்னு யாரோ சொல்லித்தானே இப்படி மாத்தியிருப்பாங்க? ஒரு சுத்து வந்தா எல்லா வருஷமும் தெரியுது."

அந்த அம்மா கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று வந்தார், இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டு.

"பின்னாடி இருக்கிற பலகை எந்த வருஷம்?"

"அது வருஷம் இல்ல ஆன்ட்டி. அது அப்பா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இழுவை வண்டிக்குப் போன் செய்தார்.

மதியத்துக்குள் குண்டன் கிளம்பிவிட்டான். அப்பா கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுண்டுவுக்கும் அழுகை வந்தது. இப்போது அழுதால் பரவாயில்லை என்று கொஞ்சம் அழுதாள்.

எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, குண்டனோட கதை முடிஞ்சுதா?"

சுண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மாமா. கதை சொல்ற வேலைக்குப் போறான்."