பூவாறு தீவில் எட்டுப் பிணங்கள்

"ஐயோ... டீச்சரே!"

பூவாறு காயலின் நடுத்தீவில் காலையில் எழுந்த அந்த அலறலில் நீர்க்காகங்கள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன.

டென்ட்டிலிருந்து ஓடி வந்தாள் ஜெயலக்ஷ்மி. விலங்கியல் பேராசிரியை. மாணவர்களைத் தீவில் முகாமுக்குக் கூட்டி வந்தவள்.

சமையல் கொட்டகை வாசலில் தலையில் கைவைத்து நின்றான் லிபின். படகோட்டியும் அவனே, சமையல்காரனும் அவனே.

"போயி டீச்சரே... எட்டும் போயி!"

எட்டுப் பிணங்களைக் காணவில்லை!

மஞ்சளும் மிளகாயும் பூசி, தேங்காயெண்ணெயில் பொரித்து, வாழையிலை போட்டு மூடியிருந்த பிணங்கள். விழிஞ்ஞத்தில் வாங்கிய நெய்மீன் துண்டுகள்!

"யா... யாரு எடுத்திருப்பா?" ஜெயலக்ஷ்மியின் குரல் நடுங்கியது.

நடுங்காமல் என்ன செய்யும்? திருடியே அவள்தானே!

ஆனால்... அவள் எடுத்தது ஒன்றே ஒன்று. மீதி ஏழு எங்கே?

வலியசாலை அக்ரஹாரத்து மருமகள். வெங்காயத்தைக்கூட நாள் பார்த்து நறுக்குகிற வீடு. விடியற்காலையில் லிபின் பிள்ளைகளைப் பறவை பார்க்கப் படகில் கரைக்குக் கூட்டிப் போன நேரம், வாசனை மூக்கைத் துளைக்க... கை தானாக நீண்டுவிட்டது. முதல் தடவை என்று சொன்னால் சொல்கிறவன் நாக்கு அழுகிவிடும்! காலேஜில் தீவு முகாம் என்றாலே முதல் ஆளாய்க் கை தூக்குவாள். கேட்டால், ஆராய்ச்சி ஆர்வமாம்!

"மேம்! கேமரா உண்டல்லோ!" கத்தினான் மாணவன் சுமந்த்.

நீர்நாயைப் படம்பிடிக்க, கொட்டகைக்கு எதிர்த்தென்னையில் தானியங்கிக் கேமரா கட்டியிருந்தார்கள். அங்கே கட்டச் சொன்ன அறிவாளி யார்? சாட்சாத் ஜெயலக்ஷ்மி!

"அதோட மெமரி கார்டை விஷ்ணுப்ரியா எடுத்துண்டு போயாச்சு, மேம்!" என்றாள் இன்னொரு மாணவி.



விஷ்ணுப்ரியா முகாம் மாணவி மட்டுமில்லை, ஜெயலக்ஷ்மியின் எதிர்வீட்டுப் பெண். அவள் அம்மா வாலாம்பாள் காதில் விழுந்தால், அடுப்பில் பால் பொங்குவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பாள்? தெருவில் எப்படி நடப்பாள்?

"மாமி..."

பின்னால் விஷ்ணுப்ரியா! முகம் வெளிறியிருந்தது.

"கொஞ்சம் தனியா வரேளா?"

தொலைந்தேன்!

டென்ட்டுக்குள் நுழைந்ததுமே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ஜெயலக்ஷ்மி.

"சத்தியமா ஒண்ணே ஒண்ணுதாண்டி எடுத்தேன்! உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. உன் கால்ல வேணா விழறேன்!"

விஷ்ணுப்ரியா வாயைப் பிளந்தாள்.

"மாமி... நீங்களுமா?!"

"ஏன், கேமராவில நீ பாக்கலையா?"

"எங்க பாத்தேன்? பயத்தில எல்லாத்தையும் அழிச்சுட்டேன்! தலைவலின்னு பறவை பாக்கப் போகாம இருந்தேனோல்லியோ... மீதி ஏழும் நான்தான். அதைச் சொல்லி அழத்தான் உங்களைக் கூப்ட்டேன்!"

"ஏழாடி?!"

"ஒண்ணுன்னுதான் மாமி ஆரம்பிச்சேன்..."

அட அசடே! வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமே! ஜெயலக்ஷ்மி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

ஆனாலும் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. இனி யார் யாரைக் காட்டிக் கொடுப்பது?

வெளியே வந்து, தொண்டையைச் செருமி, தீர்ப்புச் சொன்னாள்.

"நீர்நாய்தான்! சந்தேகமே இல்லை. கேமராவில ஒண்ணும் பதியலை... ஆனா இது நீர்நாயேதான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சுமந்த் மட்டும் தட்டவில்லை. கொட்டகையின் பின்பக்கம் போய்விட்டு, இரண்டு இலைப் பொட்டலங்களோடு திரும்பி வந்தான்.

"சரியாக்கும், மேம். ரெண்டு நீர்நாய். தின்னு முடிச்சு, முள்ளை எலையில மடக்கி வச்சிருக்கு. உக்காந்த எடத்தில தண்ணி தெளிச்சு, எச்சில் போகச் சுத்தமா மெழுகிட்டுப் போயிருக்கு."

ஜெயலக்ஷ்மி விஷ்ணுப்ரியாவைப் பார்த்தாள். விஷ்ணுப்ரியா தென்னை உச்சியைப் பார்த்தாள்.

சுமந்த் குரலைத் தாழ்த்தினான்.

"பூவாறு நீர்நாய்க்கு இவ்வளவு ஆசாரம் கெடையாது, மேம்... ரெண்டும் வலியசாலை நீர்நாயாக்கும்!"