அடிக்குறிப்பில் இருந்தவர்

மதியச் சாப்பாடு முடிந்து துறையே தூங்கிவழியும் நேரம். நெறியாளர் கூப்பிட்டனுப்பியதால் அவசரக்குடுக்கை அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாள். ஆய்வேட்டை அரக்கப்பரக்க முடித்ததற்காகத் தோழிகள் வைத்த பெயர் அது. நூற்பாலைப் பெண்களின் தாலாட்டுகள்தான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். இந்த வாரம் ஒப்படைத்தால் பட்டம். பட்டம் வந்தால் வேலை.

"உட்காரும்மா. அந்தம்மா வந்திருக்காங்க," என்றார் நெறியாளர்.

"எந்தம்மா சார்?"

"உன் அடிக்குறிப்புல இருக்காங்களே. ஆலையில வேலை பார்த்தவங்க, நேர்காணல்னு போட்டிருக்கியே, அவங்கதான்."

அப்படி ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. ஓர் இயலுக்குச் சான்று போதாமல் போனபோது, சமையலறையில் நின்றபடியே மூன்றடித் தாலாட்டு ஒன்றைத் தானே கட்டினாள். ஒரு பெயர், ஒரு வயது, ஒரு தேதி போட்டு அதற்கு மூலமும் காட்டிவிட்டாள். மனுஷன் போட்டு வாங்கப் பார்க்கிறாரோ? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சார் சொன்னாங்க?"

"பாட்டை நீ முழுசா போடலையாம். பாடிக் காட்டறேன்னாங்க. நூலகத்துல உட்கார வச்சிருக்கேன்."

வெளியே வந்ததும் கணவனை அழைத்தாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"யார்கிட்டயாவது உளறினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? பாப்பா காலையிலேருந்து அழுதுக்கிட்டே இருக்கா. சீக்கிரம் வா."

அவள் நம்பவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது.

"கடைசி வரிசைக்குப் போனாங்க," என்றார் நூலகர், தலை நிமிராமலே. சிரிப்பை அடக்குகிறாரோ என்று அவரை உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவியைக் கூட்டிவந்து நாடகம் போடுகிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று உள்ளே நடந்தாள்.

அலமாரிகளுக்கு நடுவே வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. பழைய தாளின் வாடை போய், ஈரப் பஞ்சும் இயந்திர எண்ணெயும் கலந்த வாடை அடித்தது.

கடைசி வரிசையில் யாருமில்லை.

நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறவில்லை.

அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய குரல் பாடத் தொடங்கியது. அவள் எழுதிய அதே மூன்று அடிகள். அதோடு நிற்கவில்லை.

"ஆலைச் சத்தம் ஓயுமட்டும் அம்மா வரமாட்டா, கண்ணுறங்கு..."

எழுதிய கையோடு அவள் அழித்துவிட்ட நான்காவது அடி. கணவனுக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

விழுந்தடித்துக்கொண்டு நெறியாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், அப்படி யாருமே இல்ல. நானே எழுதினது. மன்னிச்சிருங்க."

"பின்ன நான் யார்கூட பேசினேன்?" என்று முணுமுணுத்தார் அவர். பிறகு கணினியை அவள் பக்கம் திருப்பினார். "எடுத்துடு. அந்த இயலையே திரும்ப எழுதணும். ஒரு வருஷம் போயிடும்."

அழித்தாள். பாட்டு போனது, அடிக்குறிப்பு போனது, தகவலாளர் பட்டியலில் இருந்த பெயரும் போனது. வருஷம் போனால் போகட்டும், தலை தப்பியதே பெரிது என்று மூச்சுவிட்டாள்.

கைப்பேசி அடித்தது. கணவன்.

"உங்க துறையிலேருந்து ஒரு வயசான அம்மா வந்திருக்காங்க. அவங்க இருந்த இடத்தை நீ இப்பதான் எடுத்துட்டியாமே? இனிமே இங்கதான்னு உட்கார்ந்துட்டாங்க. யாரு இவங்க?"

"வெளியே அனுப்புங்க," என்று கத்தினாள். "உடனே அனுப்புங்க."

"மெதுவா பேசு," என்றான் அவன், தாழ்ந்த குரலில். "பாப்பா இப்பத்தான் அவங்க மடியில கண்ணசந்தா."