நாட்டிங்காம் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகள்

நாட்டிங்காம் வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது திருத்தங்கல் ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி, முதலாளியின் செல்போன் வழியாகத்தான். அவருடைய ஒரே மகள் அனுப்பிரியா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். செங்கல் சுவர், குறுகலான மாடிப்படி, நடந்தால் முனகும் பலகைத் தரை. வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்று என்னிடம் சொன்னாள்.

"மொத்தம் நாலு ரூம், மாமா. ஒண்ணுல நான். மத்த மூணையும் வாடகைக்கு விட்டாச்சு. நாலு பேருக்கு மேல தங்குனா கவுன்சில்காரங்க, அதான் இங்கத்த முனிசிபாலிட்டி, விட மாட்டாங்க."

"இங்கனயும் நாலு, அங்கனயும் நாலா?" என்று முதலாளி காசிராஜன் வாய்விட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். சம்பளம் கொடுக்கிறவர் சிரிக்கும்போது நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

அந்த வீட்டை வாங்குவதற்கு முன் ஒரு மாதம் அவர் வாயில் வேறு பேச்சே கிடையாது. மதுரையில் ஓர் ஓட்டலில் கூட்டம் போட்டு யாரோ விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் கை வைக்க முடியாது, மான்செஸ்டரில் விலை ஏறிவிட்டது, லிவர்பூலில் வாடகை நன்றாக வரும், ஆனால் பிள்ளை படிப்பது அங்கே இல்லை. நாட்டிங்காம் என்றால் வருஷா வருஷம் மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், வீடு காலியாகக் கிடக்காது. இதையெல்லாம் அவர் எனக்கு மனப்பாடமாக ஒப்பித்தார்.

"வெடி நனைஞ்சாலும் போச்சு, வெடிச்சாலும் போச்சு. வீடு அப்படியாலே சங்கரலிங்கம்? நாம தூங்கும்போதும் அது சம்பாதிக்கும்."

வெடிச்சாலும் போச்சு என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நான் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது சட்டம். வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது, வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அதனால் எனக்கு ஒரு வசதி. உள்ளே எட்டிப் பார்க்காமல், வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணியே ஆள் கணக்குச் சொல்லிவிடுவேன். தினமும் காலை ஏழரைக்கு முதலாளி போன் செய்வார்.

"எம்புட்டு ஜோடிலே?"

ரூமுக்கு ஏழு என்பேன், சீசன் நேரத்தில் எட்டு, ஒன்பது என்பேன்.

"சரி, நாலுன்னு எழுதிக்கோ."

பதினெட்டு வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

போன வருஷத் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. ஏழாம் நம்பர் ரூமில் ஒன்பது பேர். பகல் பதினோரு மணிக்கு அது வெடித்தது. ஒன்பது பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு பக்கச் சுவரும் வாசல்படியும் மட்டும் நின்றன. படிக்குக் கீழே ஒன்பது ஜோடிச் செருப்பு, வரிசைகூடக் கலையாமல் கிடந்தது.

அதிகாரிகள் வருவதற்குள் முதலாளி என் தோளைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் அதிலிருந்து ஐந்து ஜோடியைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். ஒரு கல்லையும் வைத்து வாயைக் கட்டிக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றில் எறிந்தேன். பிறகு, நாலு பேர்தான் வேலையில் இருந்தார்கள் என்றும், மற்ற ஐந்து பேர் சொன்ன பேச்சைக் கேட்காமல் செருப்புக் காலோடு உள்ளே ஓடியதால்தான் பொறி பறந்தது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செத்தவர்கள் மீதே பழி விழுந்தது. அந்த ஐந்தில் ஒன்று ஆமத்தூர் இருளம்மாளுடையது. வார் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருந்தாள். அந்த ஊக்கு என் விரலைக் கீறியது.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டில் நாலு பேருக்கு மேல் தங்கியிருப்பதாக அக்கம்பக்கத்தார் புகார் சொல்கிறார்களாம். அத்தாட்சிக்கு ஒரு போட்டோவும் இருந்தது.

"வாடகைக்கு வந்த பய எவனோ ஆள் சேக்கான். நம்ம வீட்டை வச்சே சம்பாதிக்கான் பாத்தியா? இந்தா, எத்தனைன்னு எண்ணு. உனக்குத்தான் பழக்கம்."

போட்டோவில் வாசல் முழுக்கப் பனி. படிக்குக் கீழே ஒன்பது ஜோடி ரப்பர் செருப்பு. அந்தக் குளிரில் எவன் ரப்பர் செருப்புப் போடுவான்?

நாலு ஜோடி காய்ந்திருந்தன. ஐந்து ஜோடியிலிருந்து தண்ணீர் சொட்டியிருந்தது.

கடைசிச் செருப்பின் வாரில் ஓர் ஊக்கு.

"ஒன்பது, முதலாளி," என்றேன். அந்த ஊக்கு யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நேராகப் பாழுங்கிணற்றுக்குப் போனேன். கிணற்றில் விழுந்ததை எடுக்கும் கொக்கியான பாதாளக் கொலுசைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினேன். சாக்கு மாட்டியது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தேன்.

உள்ளே கல் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாளில் அந்த வீட்டில் குடியிருந்த மூன்று பேரும் காலி செய்துவிட்டார்கள். சாத்திய கதவுகளெல்லாம் விடிவதற்குள் திறந்து கிடக்கின்றனவாம், குளிர் தாங்க முடியவில்லையாம். சுவரெல்லாம் வெள்ளி நிறத்தில் விரல் தடங்களாம். பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் கையில் ஒட்டினால் எப்படித் தடம் விழும் என்று எனக்குத் தெரியும். அனுவும் தோழி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று அழுதிருக்கிறாள். முதலாளி கேட்கவில்லை.

"வீட்டைக் காலியாப் போட்டா அவனுக திரும்பவும் வந்து பூந்துக்கிடுவானுக. ஒரு வாரம் இரும்மா, வேற ஆள் பாத்திருவோம்."

நாலாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீடியோ கால் வந்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே காலை எட்டு மணி, இன்னும் சரியாக விடியவில்லை. அனு கோட்டும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் போட்டு, கடைசியில் எப்படியோ கிளம்பிவிட முடிவு செய்து, மாடிப்படியில் பையோடு நின்றாள்.

"அப்பா," என்று கிசுகிசுத்தாள். "வெடி வாசம் அடிக்குதுப்பா."

"வெளிய போயிரு அனு. பையைப் போட்டுட்டுப் போ."

"எல்லாக் கதவும் தொறந்துதான் இருக்கு. ஆனா எந்தக் கதவு வழியாப் போனாலும் திரும்ப இந்தப் படிக்கே வர்றேன்."

அவள் முகத்துக்குப் பின்னால் சமையலறை இருட்டாகத் தெரிந்தது. அந்த இருட்டில் யாரோ வெடிக்குக் காகிதம் சுருட்டும் சத்தம். சரக், சரக் என்று நிதானமாகக் கேட்டது. ஒருவர் சுருட்டும் சத்தம் இல்லை அது.

"உள்ள யாருத்தா?" என்றார் முதலாளி.

"தரையில உக்காந்திருக்காக. நீங்க அனுப்பி வச்சீகளாப்பா? ஒரு அம்மா என்னைப் பாக்காம பேசுறாக. சங்கரலிங்கம் மாமாகிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாக."

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"நாங்க செருப்பைக் கழட்டிட்டுத்தானே உள்ள போனோம்னு கேக்குறாக, மாமா."

முதலாளி என் கையைப் பிடித்து நசுக்கினார். பேசாதே என்றா, பேசு என்றா, அவருக்கே தெரிந்திருக்காது.

"ஆமா தாயீ," என்று கத்தினேன். "கழட்டிட்டுத்தான் போனீக! ஒன்பது ஜோடியும் வாசல்லதான் கெடந்துச்சு. நான்தான் எடுத்தேன். பிள்ளையை விட்ருங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாது!"

காகிதச் சத்தம் நின்றது.

அனு திரும்பிச் சமையலறையைப் பார்த்தாள். யாரோ சொல்வதைக் கேட்பவள் போலத் தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"கழட்டாதே! அனு, கழட்டாதே!" முதலாளி போனைப் பிடித்து உலுக்கினார்.

"ஷூவோட உள்ள வரக் கூடாதாம்ப்பா," என்றாள். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது.

திரை வெள்ளையாகிவிட்டது.

ஏஜென்ட் போய்ப் பார்த்தார், போலீசும் போனது. வீடு காலி. அவளுடைய பையும் போனும் படியில் இருந்தன. எதுவும் எரியவில்லை, எதுவும் உடையவில்லை. முதலாளியம்மா தங்கத்தாய் சோறு இறங்காமல் படுத்துவிட்டார். முதலாளி விசாவுக்காகச் சென்னைக்கும் திருத்தங்கலுக்கும் அலைந்தார். அவர் வாங்கிய வீட்டுக்குப் போக அவருக்கே அனுமதி கிடைக்கவில்லை. நான் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். முடிந்துபோன கேஸ் அது என்று தாளைக்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள், இன்று காலை, கம்பெனியைத் திறந்தேன். யாரும் வேலைக்கு வருவதில்லை. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு ரூம் வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஏழாம் நம்பர் ரூமில் அந்த ஒற்றைச் சுவரும் வாசல்படியும்தான் இருக்கின்றன. படிக்குக் கீழே ஒன்பது ஜோடிச் செருப்பு வரிசையாக இருந்தது.

அவற்றை அடுத்து, வரிசையின் கடைசியில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி.

அதன் மேல் பனி படர்ந்திருந்தது. விரலால் தொட்டேன், சில்லென்று இருந்தது. கரிசல் மண் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. பனி மட்டும் உருகவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மணி ஏழரை.

"எம்புட்டு ஜோடிலே?" என்றார் முதலாளி. ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலேயே கேட்கிற குரல் அது.

ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணினேன். கூரையில்லாத அந்த ரூமுக்குள் காகிதம் சுருட்டும் சத்தம் கேட்டது.

"பத்து, முதலாளி."

நாலு என்று எழுதிக்கொள்ளும்படி இந்த ஒருமுறை அவர் சொல்லவில்லை.