மரத்த காலைப் பிடித்த கை

இடது காலின் பெருவிரலை யாரோ பிடித்திருந்தார்கள்.

அது நடக்க முடியாத காரியம். முந்தின நாள்தான் அவளுடைய கணுக்கால் எலும்பில் தகடு வைத்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின்னும் வலி தெரியாமலிருக்க, முழங்காலுக்குப் பின்னால் நரம்போரமாக ஒரு மெல்லிய குழாய்; இடுப்பில் தொங்கும் புட்டியிலிருந்து மருந்து அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியபடி இருந்தது. முட்டிக்குக் கீழே கால் அவளுடையதே அல்ல, யாரோ விட்டுப்போன தலையணை போலக் கிடந்தது. "இன்னும் ரெண்டு நாள் மரத்தே இருக்கும்மா, நல்லா தூங்குங்க" என்று சொல்லித்தான் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஆனாலும் அந்தப் பிடி. ஈரமாக, பொறுமையாக.

அவள் எலும்பு வார்டில் உதவியாளர். வருஷக்கணக்கில் நின்றே அலுத்த உடம்பு. மரத்த காலோடு படுத்திருப்பவர்களில் சிலர், "யாரோ என் காலைப் பிடிக்கிறாங்க" என்று நடுங்குவார்கள். அறையின் மறுகோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாலும், "நான்தான் ஐயா, தூங்குங்க" என்பாள். தூங்கிவிடுவார்கள். இவ்வளவு சின்னப் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார்.

தங்கையைக் கூப்பிட்டாள். அவள் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கிள்ளுறேன், தெரியுதா?"

"இல்ல."

"அப்புறம் எவன் பிடிக்கிறான்? மரத்த காலுக்கு மாப்பிள்ளை வந்திருக்கானா?" சிரித்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சரி, வார்டுல நீ சொல்றதையே நானும் சொல்றேன். நான்தான்க்கா. தூங்கு."

தங்கை சமையலறைக்குப் போனாள். மழை மூட்டத்தில் அறை சாயங்காலத்துக்கு முன்பே இருண்டது. மருந்து வாசனைக்கு அடியில், நனைந்து காயாத துணியின் வாசனை. பிடி மெல்ல ஏறியது. கணுக்காலுக்கு. கட்டுக்குள்ளே.

படுத்திருந்தவள் மருந்துக் குழாயின் கிளிப்பை அழுத்தி மூடினாள். வலி வரட்டும். வலி வந்தால் கால் தன்னுடையதாகிவிடும்; பிறகு இந்தக் கைக்கு அங்கே என்ன வேலை?

விளக்கு போடும் நேரத்தில் வலி வந்தது. எலும்புக்குள் ஆணி இறங்குவதுபோல வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பிடி தளர்ந்தது. விரல் விரலாக.

போய்விட்டது.

கடவுளே, நன்றி.

போர்வை அசைந்தது.

"ஏய்... நீதானே?"

சமையலறையிலிருந்து, களைத்துப்போன குரலில், அவ்வளவு அன்பாக: "நான்தான்க்கா. தூங்கு."

காய் நறுக்கும் சத்தம் நிற்கவில்லை.

வலது காலின் மேல் போர்வை அமுங்கியிருந்தது. ஐந்து கைவிரல்களின் தடம்.

அந்தக் காலில் அவளுக்கு எதுவுமே தெரியவில்லை.