புகைக்கு ஒரு வேலி

பக்கத்து வீட்டு மாமரம் பூத்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து ரொசேலுக்குச் சோறு இறங்கவில்லை.

மரம் பூக்கட்டும் என்று புகை போட்டது அவள் வீட்டில். தேங்காய் மட்டை, உமி, அதன்மேல் பச்சை இலை என்று மரத்தடியில் குவித்து, தீ கொழுந்துவிடாமலும் அணையாமலும் இரவு பகலாகக் காத்தவர் அவளுடைய அப்பா. இலை பொறுக்கிப் பொறுக்கிக் கண் சிவந்தது அவளுக்கு. பூ வந்ததோ டோடோய் வீட்டு மரத்துக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் வலை ஊஞ்சலில் படுத்துக்கொண்டு கொய்யா கடித்தானே, அந்த டோடோய்க்கு.

பிலிப்பைன்ஸின் கீமராஸ் தீவில் மாமரத்தைப் பூக்கவைக்கப் புகை போடுவது பழைய வழக்கம். புகையில் மரத்தைப் பூக்கத் தூண்டும் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது, பழுக்கிற பழத்திலிருந்தும் அதுவே வருகிறது என்று ரொசேல் வகுப்பில் படித்திருந்தாள். ஆனால் அந்த வாயுவுக்கு யார் வீட்டு மரம் என்று தெரியுமா? கீழ்க்காற்று இழுத்த இழுப்புக்கு வேலியைத் தாண்டிப் போய் டோடோய் மரத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வருடமாக ரொசேல் வீட்டு மரம் காய்க்கவில்லை. இந்த முறையும் பூக்காவிட்டால் அதை வெட்டிப் பலகைக்குக் கொடுத்துவிடுவதென்று அப்பா பேசி முடித்திருந்தார்.

அன்று மாலை டோடோய் வேலியருகே வந்து நின்றான்.

"தீயை எப்போ அணைப்பீங்க?"

"எங்க மரம் பூத்ததும்."

"பூ விட்ட மரத்துக்குப் புகை ஆகாது, ரொசேல். எல்லாம் கொட்டிடும். எங்க மரம் இப்பதான் முதல்தடவையா பூத்திருக்கு."

அது அவளுக்கும் தெரியும். பூக்கவைக்கிற புகையே அளவு மீறினால் பூவை உதிர்த்தும் விடும்.

"அப்படின்னா உன் மரத்தைத் தூக்கிட்டு வேற எங்கயாவது போ" என்றாள்.

அவன் திரும்பிப் போனான். அவளோ அப்பா சொல்லாமலே இன்னும் இரண்டு கை பச்சை இலையை அள்ளித் தீயில் போட்டாள். புகை குபுகுபுவென்று வேலிப் பக்கம் உருண்டது. கொட்டட்டும், நன்றாகக் கொட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டது. வேலியிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

டோடோய் முக்காலியின் மேல் நின்றிருந்தான். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, அம்மாவின் முறத்தால் புகையை வீசி வீசித் துரத்திக்கொண்டிருந்தான். புகை அவனைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஒரு பூ உதிர்ந்து அவன் தோளில் விழுந்தது. அதை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வீசினான்.

ரொசேலுக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த இரண்டு கை இலையைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்திருப்பாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். முறம் வீசிய இடத்தில் மட்டும் புகை தயங்கி, பின்வாங்கி, அவள் வீட்டு மரத்தின் தாழ்ந்த கிளையைச் சுற்றிக்கொண்டது. ஒரு முறத்துக்கே இப்படி என்றால்?

"டோடோய், உங்க வீட்டுல எத்தனை பாய் இருக்கு?"

அவன் துண்டை இறக்கினான். "ஏன், தூங்கப் போறியா?"

"புகைக்கு வேலி கட்டப் போறேன்."

பாய் நாசமாகிவிடும் என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் சண்டைக்கு வந்தார்கள். காற்றில் நிற்காது என்றார் அப்பா. என்றாலும் மூங்கில் நட்டுக் கொடுத்தார். தீயிலிருந்து எட்ட, இரண்டு மரத்துக்கும் நடுவே, பாய்களை உயர உயர வரிசையாகக் கட்டினார்கள். ஓட்டையான பாயை டோடோய் தன் பழைய கால்சட்டையால் அடைத்தான்.

உருண்டு வந்த புகை பாயில் முட்டி நின்றது. வழி தேடியது. பிறகு மெல்ல மேலே ஏறி, ரொசேல் வீட்டு மரத்தின் கிளை கிளையாகப் புகுந்தது. டோடோய் மரத்தின் பக்கம் வானம் தெளிவாகத் தெரிந்தது.

அப்பா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நமக்குத் தோணலியே" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் இரண்டு வீட்டாரும் வெறுந்தரையில்தான் படுத்தார்கள். டோடோய் பள்ளிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

ஒரு காலையில் ரொசேல் மரத்தில் ஏறியபோது கிளை நுனிகளில் மொட்டு முட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு அல்ல, கண் போன இடமெல்லாம். அவள் முதலில் கூப்பிட்டது அப்பாவை அல்ல, டோடோயை.

அவன் ஏறி வந்து, மொட்டைத் தொடாமல் முகர்ந்து பார்த்தான். "எங்க மரத்துல இதைவிட ஜாஸ்தி" என்றான்.

"உங்க மரம் பூத்ததே எங்க புகையில."

"உங்க மரம் பூத்தது எங்க பாயில."

இருவரும் இறங்கி, ஆளுக்கொரு வாளித் தண்ணீர் எடுத்து வந்து தீயை அணைத்தார்கள்.